ஏழைக்குக் கையில் பணமாகவே கொடுக்கலாமா?

மாதம் இரண்டாயிரம் ரூபாய் யாருக்காவது கொடுக்கலாம் என்று இருக்கிறீர்கள், கென்யாவில் குடிசை வீட்டுக்காரர்களின் செல்போனுக்கே நேராகப் பணம் அனுப்பும் அமைப்பைப் பற்றிப் படித்திருக்கிறீர்கள், நிபந்தனை எதுவும் போடாமல் கொடுத்தால் குடித்து அழித்துவிட மாட்டார்களா, வேலைக்குப் போவதை விட்டுவிட மாட்டார்களா, அதற்கு ஆடோ தையல் மெஷினோ வாங்கிக் கொடுத்துவிடலாமே என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் "நம்ம ஊர் ஆயிரம் ரூபாயும் இதே கதைதானே" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். காசைக் கையில் கொடுத்தால் ஏழைக்கு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியுமா, தெரியாதா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 16 வருடமாகக் குடும்ப வரவு செலவு சர்வே எடுப்பது என் பிழைப்பு. முதலில் அட்டையும் பேனாவுமாக நானே வீடு வீடாகப் போனேன், இப்போது டேப்லெட்டோடு போகிற பையன்களையும் பெண்களையும் மேய்க்கிறேன். பெரும்பாலும் விழுப்புரம், கள்ளக்குறிச்சி, தர்மபுரி. ஆப்பிரிக்காவுக்குப் போனதில்லை, அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஆய்வறிக்கைகளைப் படித்துத்தான். ஆனால் அந்த அட்டவணைகளில் இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் யாரோ ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து என்ன கேட்டிருப்பார், எதிரே இருந்தவர் எப்படி மழுப்பியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு நம்புங்கள்.

முதலில் குடி. உலக வங்கிக்காக டேவிட் எவான்ஸ், அன்னா போபோவா என்ற இரண்டு பேர் 2014-ல் இதை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தார்கள். லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று பல இடங்களில் பணம் கொடுத்த திட்டங்கள் பற்றிய 19 ஆய்வுகள். பணம் வந்ததால் சாராயத்துக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடியதாகத் தெரியவில்லை, சராசரியாகப் பார்த்தால் கொஞ்சம் குறைந்தே இருந்தது. சரி, குடித்ததைச் சர்வேகாரனிடம் யார் ஒப்புக்கொள்வார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குடிச் செலவை வீட்டுக்காரரிடம் கேட்டால் ஒரு தொகை வரும், அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன சமயம் அந்த அம்மாவிடம் கேட்டால் அது மூன்று மடங்காகும், இது நான் பலமுறை பார்த்தது. ஆனால் ஒன்று, பணம் வாங்காத குடும்பங்களிலும் இதே அளவு மழுப்பல் இருக்கும், ஆய்வு பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை. அதைவிட முக்கியம், மற்ற கணக்கு இடிக்கவில்லை. சோறு கூடியிருக்கிறது, ஆடு மாடு கூடியிருக்கிறது, கூரை மாறியிருக்கிறது. கூரையைப் பற்றி யாரும் மழுப்ப முடியாது, நின்று பார்த்தால் தெரிந்துவிடும். அதனால் "கொடுத்தால் குடித்துவிடுவார்கள்" என்பதை இன்றைய தேதிக்கு ஏறக்குறைய முடிந்துபோன விவாதமாகவே நான் பார்க்கிறேன். இதைத் தப்பாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தினக்கூலி அறுநூறில் முந்நூறை டாஸ்மாக்கில் விட்டுவிட்டு வருகிற ஆள் இருக்கும் வீட்டை மாதம் ஆயிரம் ரூபாய் திருத்திவிடாது. பணம் குடியைக் கூட்டுவதில்லை என்பதுதான் ஆய்வு சொல்வது, குறைத்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

அடுத்தது நீங்கள் படித்த கென்யக் கதை. அந்த அமைப்பின் பெயர் கிவ்டைரக்ட்லி. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் சில பேர் தொடங்கியது. மேற்குக் கென்யாவில் ரரியெடா என்ற பகுதியில் 2011, 2012-ல் நடந்த முதல் பெரிய ஆய்வில் ஓலைக் கூரை, அதாவது புல் வேய்ந்த கூரை இருக்கிற குடும்பங்களாகப் பார்த்துக் குலுக்கலில் எடுத்து எம்-பெசா என்கிற செல்போன் பணச் சேவை மூலம் பணம் போட்டார்கள். சிலருக்குச் சுமார் 300 டாலர், சிலருக்குச் சுமார் 1,100 டாலர். சிலருக்கு மொத்தமாக, சிலருக்கு ஒன்பது மாதத் தவணையாக. ஆய்வை எழுதியவர்கள் ஹௌஷோஃபரும் ஷாபிரோவும். இதில் ஷாபிரோ அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதனால் ஒரு கண்ணை அதிகமாகத் திறந்து வைத்துத்தான் படித்தேன். மாதாமாதம் வாங்கியவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். மொத்தமாக வாங்கியவர்கள் தகரக் கூரை போட்டார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தகரக் கூரை ஆடம்பரமாகக்கூடத் தெரியும், "தொழில் தொடங்காமல் வீட்டை அழகுபடுத்துகிறான்" என்று. கீற்று வீட்டில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள். வருடா வருடம் இல்லாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கீற்று மாற்ற வேண்டும், மழைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும், அந்த நேரம் பார்த்துக் கீற்று விலையும் ஏறும், கூரை வேய்கிற ஆளும் கிடைக்க மாட்டார், கடைசியில் அதற்கும் கந்துவட்டி. அந்தச் செலவு வாழ்நாள் முழுக்க நின்றுபோவது வட்டி வருகிற முதலீடு மாதிரிதான். கென்யாவில் கணக்குப் போட்டவர்களும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள்.

மொத்தமாகவா, மாதாமாதமா என்பது சின்ன விஷயம் மாதிரி தெரிகிறது, ஆனால் எனக்கு இந்த விவகாரம் முழுவதுமே அதில்தான் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. 2023 கடைசியில் கள்ளக்குறிச்சி பக்கம் ஒரு கிராமத்துக்குச் சர்வே எடுக்கப் போயிருந்தோம். மகளிர் உரிமைத் தொகை அந்த செப்டம்பர் 15-ல்தான் தொடங்கியிருந்தது, தமிழ்நாடு முழுக்க 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். எங்கள் தாளில் "இந்தப் பணத்தை எதற்குச் செலவு செய்தீர்கள்" என்று ஒரு கேள்வி, பக்கத்தில் மளிகை, மருந்து, படிப்பு, கடன் அடைப்பு என்று கட்டங்கள். ஒரு அக்கா, நாற்பது வயது இருக்கும், களை எடுக்கப் போகிறவர், "எதுக்கும் செலவு பண்ணலையே" என்றார். நான் சேமிப்பு என்ற கட்டத்தில் டிக் போடப் போனேன். "சேமிப்பும் இல்ல சார், சீட்டு" என்றார். அந்தத் தெருவில் இருபது பெண்கள், ஆயிரம் வருகிற அன்றைக்கே எல்லோரும் ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்துவிடுவது, பேரைச் சீட்டெழுதிக் குலுக்கிப் போட்டு ஒருவர் இருபதாயிரத்தையும் எடுத்துக்கொள்வது. ஏலம் கிடையாது, தள்ளு கிடையாது, ஆக கமிஷனும் கிடையாது. இந்த அக்காவுக்கு இரண்டாவது மாதமே விழுந்திருந்தது. அடகுக் கடையில் மூன்று வருடமாகக் கிடந்த ஒரு ஜோடி கம்மலை மீட்டிருந்தார், மீட்ட கம்மலைப் போட்டுக்கொண்டுதான் எங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மாதாமாதம் போய்க்கொண்டிருந்த வட்டி நின்றுவிட்டது. அந்தத் தாளில் இதற்குக் கட்டமே இல்லை, "மற்றவை" என்று போட்டுவிட்டு வந்தேன்.

இதே காலத்தில் கென்யாவில் வேறொரு பெரிய ஆய்வின் முடிவுகள் வந்துகொண்டிருந்தன. சில கிராமங்களில் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் 22.50 டாலர், 12 வருடத்துக்கு. சில கிராமங்களில் அதே மாதத் தொகை, ஆனால் இரண்டு வருடத்துக்கு மட்டும். மூன்றாவது வகைக் கிராமங்களில் அந்த இரண்டு வருடத் தொகையை ஒட்டிய சுமார் 500 டாலர், ஒரே தடவையாக. அபிஜித் பானர்ஜி, தவ்நீத் சூரி முதலியோர் 2023-ல் சொன்னது இது: மொத்தமாக வாங்கியவர்கள் கடை, வியாபாரம் என்று அதிகம் தொடங்கியிருந்தார்கள், இரண்டு வருடத் தவணைக்காரர்கள் பின்தங்கிவிட்டார்கள். ஆனால் 12 வருடத்துக்காரர்களும் மொத்தமாக வாங்கியவர்கள் மாதிரியே செய்திருந்தார்கள். எப்படி? சீட்டு! அங்கே அதற்கு வேறு பெயர், வேலை ஒன்றுதான், சில்லறையை மொத்தமாக்குவது. நீண்ட நாள் வரும் என்று தெரிந்ததால் தைரியமாகச் சீட்டில் சேர்ந்து தாங்களே மொத்தமாக்கிக்கொண்டார்கள். கள்ளக்குறிச்சி அக்காவுக்கு அந்த ஆய்வு தெரியாது, அந்த ஆய்வாளர்களுக்குக் கள்ளக்குறிச்சி தெரியாது. எனக்கு அதைப் படித்தபோது உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வந்தது உண்மை.

வேலைக்குப் போவதை விட்டுவிடுவார்களா? அந்த 12 வருடத் திட்டத்திலேயே உழைக்கும் நேரம் குறையவில்லை, கூலி வேலையிலிருந்து சொந்த வேலைக்கு மாறினார்கள், அவ்வளவுதான். 2017-ல் பானர்ஜியும் ரேமா ஹன்னாவும் மற்றவர்களும் ஆறு நாடுகளின் ஏழு திட்டங்களைச் சேர்த்துப் பார்த்ததிலும் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு, தடுப்பூசி போடு என்று நிபந்தனை உள்ளவை. பணக்கார நாட்டில் கதை கொஞ்சம் வேறு. அமெரிக்காவில் டெக்சாஸிலும் இல்லினாயிலும் 1,000 பேருக்கு மாதம் 1,000 டாலர் வீதம் மூன்று வருடம் கொடுத்துப் பார்த்து 2024-ல் முடிவு வெளியிட்டார்கள், அதில் வாரத்துக்கு ஒன்றே கால் மணி நேரம் போல வேலை குறைந்திருந்தது. ஒன்றே கால் மணி நேரத்தைச் சோம்பேறித்தனம் என்பதா, வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டினார்கள் என்பதா, அதை அவரவர் பார்வைக்கு விட்டுவிடுகிறேன்.

ஆடு, தையல் மெஷின் யோசனைக்கு வருகிறேன். எனக்கு அதன் மேல் வெறுப்பில்லை. மேற்கு வங்கத்தில் பந்தன் என்ற அமைப்பு மிக ஏழைப் பெண்களுக்கு மாடோ ஆடோ கொடுத்து, கொஞ்ச காலம் வாராவாரம் கைச்செலவுக்கும் கொடுத்து, வீட்டுக்கே வந்து பழக்கியும் விட்டார்கள், பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குடும்பங்கள் மேலே நின்றன. ஆக பொருளாகக் கொடுப்பது தோற்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏறக்குறைய அதே மாதிரித் திட்டத்தை அன்றைய ஆந்திராவின் மேதக் பக்கம் செய்தபோது கணக்கில் ஒன்றும் மிஞ்சவில்லை. அங்கே அப்போது கூலி வேலை நன்றாகக் கிடைத்துக்கொண்டிருந்தது, மாட்டைப் பார்க்க வீட்டில் நின்றவர்களின் கூலி போயிற்று, மாடு கொடுத்தது அதற்குச் சரியாகப் போயிற்று. மாட்டை விற்றுக் கடனை அடைத்தவர்களும் உண்டு. கொடுப்பவருக்கு எது தேவை என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும், அதுதான் பொருளாகக் கொடுப்பதில் உள்ள சங்கடம். தர்மபுரி பக்கம் ஒரு வீட்டில், ஏதோ ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்த தையல் மெஷின் மேல் டிவி உட்கார்ந்திருந்தது, மெஷின் மேல் பூப்போட்ட துணி விரித்து. "தைக்கலையா?" என்றேன். அதே தெருவில் இன்னும் எட்டு வீட்டுக்கு மெஷின் கொடுத்தார்களாம், அந்த ஊர் ஜாக்கெட் எல்லாவற்றையும் ஒருத்தியே தைத்துவிடலாம், ஒன்பது பேர் எதைத் தைப்பது? விற்கவும் முடியாது, வந்து பார்ப்பார்கள் என்று பயம்.

பக்கத்து வீட்டுக்காரன் கதை என்ன என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். ஒரு ஊரில் இத்தனை பணம் இறங்கினால் விலைவாசி ஏறி, வாங்காதவன் தலையில் விழாதா? இதற்கு எக்கர், ஹௌஷோஃபர், மிகுவேல், நீஹவுஸ், வாக்கர் ஆகியோர் செய்த ஆய்வைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வது. ரரியெடா இருக்கிற அதே சியாயா மாவட்டத்தில் 653 கிராமங்கள், 10,500 குடும்பங்களுக்கு ஆளுக்கு 1,000 டாலர். ஒரு குடும்பத்தின் வருடச் செலவில் அது முக்கால்வாசி, அவ்வளவு பெரிய தொகை. விலை ஏறியது 0.1 சதவீதம் போலத்தான். வாங்காத குடும்பங்களின் வரவும் செலவும்கூட உயர்ந்தன, ஏனென்றால் வாங்கியவர்கள் அந்தக் காசை உள்ளூர்க் கடையிலும் உள்ளூர்க் கொத்தனாரிடமும்தானே கொடுத்தார்கள். ஒரு டாலர் போட்டால் ஊருக்குள் சுமார் இரண்டரை டாலர் நடமாட்டம் ஆகிறது என்று கணக்கு. இதை அப்படியே எல்லா இடத்துக்கும் நீட்டக் கூடாது. வேலை கேட்டு நிற்கிற ஆட்களும், பூட்டியே கிடக்கிற கடையும் இருக்கிற ஊரில் விலை ஏறாது, சந்தைக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டிய ஊரில் அரிசி விலை ஏறத்தான் செய்யும். கிவ்டைரக்ட்லி பற்றிய பழைய ஆய்வு ஒன்றில், மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது பணம் வாங்காத அண்டை வீட்டார் கொஞ்சம் பின்தங்கியிருக்கலாம் என்ற மாதிரி ஒரு முடிவும் வந்தது, அதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. பின்னால் வந்த பெரிய ஆய்வை நான் அதிகம் நம்புகிறேன், ஆனால் பழையதைக் குப்பையில் போடவும் மாட்டேன்.

காலம் போகப் போகக் கரைந்துவிடுகிறதா என்பதில்தான் எனக்கு உண்மையான தயக்கம். உகாண்டாவில் 2008-ல் இளைஞர் குழுக்களுக்குத் தொழில் தொடங்க ஆளுக்குச் சுமார் 380 டாலர் கொடுத்தார்கள். நாலு வருடத்தில் அவர்கள் வருமானம் மற்றவர்களைவிட 38 சதவீதம் அதிகம், எல்லோரும் கைதட்டினார்கள். ஒன்பது வருடத்தில் மற்றவர்கள் எட்டிப் பிடித்துவிட்டார்கள். பணம் அவர்களைக் கொஞ்சம் முன்னாலேயே மேலே ஏற்றிவிட்டது என்று சொல்லலாம், நிரந்தரமாக வேறு ஆளாக மாற்றிவிட்டது என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் ஏழைத் தாய்மார்களுக்குக் குழந்தை பிறந்ததிலிருந்து மாதம் 333 டாலர் கொடுத்த ஆய்வில், நாலு வயதில் பார்த்தபோது குழந்தைகளின் வளர்ச்சியில் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. இன்னொரு பக்கம், அந்தக் கென்ய 653 கிராமங்களில் குழந்தை இறப்பைக் கணக்கெடுத்து 2025-ல் வந்த அறிக்கை, ஒரு வயதுக்குள் இறப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்கிறது, பிரசவத்தை ஒட்டி ஆஸ்பத்திரிக்குப் போக முடிந்தது, நிறைமாதத்தில் கூலிக்குப் போகாமல் இருக்க முடிந்தது என்பது அவர்கள் சொல்லும் காரணம். இது இன்னும் முதல் கட்ட அறிக்கை, இன்னும் இரண்டு இடத்தில் இப்படி வந்தால் என் பேச்சையே மாற்றிக்கொள்வேன். இவ்வளவு ஏற்ற இறக்கம் ஏன் என்றால், தொகை அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைக்கு எவ்வளவு பெரியது என்பதுதான் முக்கால்வாசிக் காரணம் என்று நினைக்கிறேன். முக்கால் வருடச் செலவை ஒரே வருடத்தில் கொடுப்பதும், வாடகையில் கால்வாசிகூட வராத தொகையை மாதாமாதம் கொடுப்பதும் ஒன்றா?

யாருக்குக் கிடைக்கிறது என்பதில் நான் பார்த்த அளவுக்கு ஆய்வாளர்கள் பார்த்திருப்பார்களா தெரியவில்லை. உரிமைத் தொகைக்கு வருடம் 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் எரித்தால் கிடையாது என்று விதி. அண்ணன் தம்பி இரண்டு குடும்பம், ஒரு மீட்டர், தம்பி வீட்டில் ஏசி, அண்ணன் வீட்டில் ஒரு குண்டு பல்ப். மீட்டர் அண்ணன் பேரில்! அந்த அண்ணி எங்களிடம் வைத்த புலம்பலை நான் கணக்கில் எங்கே எழுதுவது? முதல் மாத ஆயிரத்தில் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று வங்கிகள் பிடித்துக்கொண்டது அப்போது செய்தியாகவே வந்தது. கென்யாவில் புல் கூரை வைத்து ஆள் எடுத்தபோது, பழைய தகரம் நாலு பொறுக்கிப் போட்டிருந்த பரம ஏழை விடுபட்டுப் போவான். சும்மா யாராவது பணம் தருவார்களா என்று நம்பாமல் வேண்டாம் என்றவர்களும் உண்டு, ஹோமா பே என்ற இடத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் மறுத்தார்கள், சாத்தான் வழிபாட்டுப் பணம் என்று வதந்தி. திருட்டும் நடந்திருக்கிறது. காங்கோவின் தெற்குக் கிவுவில் கிவ்டைரக்ட்லியின் ஊழியர்கள் சிலரே கூட்டாகச் சேர்ந்து சிம் கார்டு வழியாகச் சுமார் 9 லட்சம் டாலரைச் சுருட்டியதை அமைப்பே 2023-ல் வெளியில் சொன்னது. செல்போனில் போனால் கையூட்டு இருக்காது என்பது பாதி உண்மைதான்.

உங்கள் இரண்டாயிரத்துக்கு வருவோம். ஒரு ரூபாயில் அதிக உயிர் காப்பாற்ற வேண்டும் என்பதுதான் உங்கள் அளவுகோல் என்றால் மலேரியாப் பகுதிகளுக்குக் கொசுவலை வாங்கித் தருகிற அமைப்புகள் ரொக்கத்தை முந்திவிடும், அந்த மாதிரிக் கணக்குப் போடுகிற கிவ்வெல் ரொக்கத்தைத் தன் முதல் பட்டியலிலிருந்து 2022-ல் எடுத்துவிட்டு, 2024-ல் நாங்கள் அதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம், மூன்று நாலு மடங்கு கூட்டிக்கொள்ளுங்கள் என்றது. அந்தக் கணக்கு இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. தெரிந்த ஒரு குடும்பத்துக்கே கொடுக்கலாம் என்றால், மாதம் இரண்டாயிரமாகக் கிள்ளிக் கொடுக்காமல் 24,000-ஐ ஒரே தடவையாக, முடிந்தால் பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனுக்கு முன்னால் கொடுங்கள், எதற்கு என்று கேட்காதீர்கள், பில் கேட்காதீர்கள். கென்யாவில் கணவனிடம் கொடுத்தாலும் மனைவியிடம் கொடுத்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் அந்த முதல் ஆய்வு சொன்னது, ஆனால் விழுப்புரத்தில் நான் அந்த அம்மா கையில்தான் கொடுப்பேன், இதற்கு ஆய்வு ஆதாரம் கேட்காதீர்கள். சாப்பாட்டுக்கே இழுபறி என்கிற வயதானவர்களுக்கு மட்டும் மாதாமாதம்தான் சரி. மாதாமாதம் என்று முடிவு செய்தால் எத்தனை மாதம் வரும், எப்போது நிற்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அந்தக் கம்மல் அக்கா கடைசியில், எங்கள் தாளில் எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகு, என்னைக் கேட்டதும் அதைத்தான். "சார், இந்த ஆயிரம் இன்னும் எத்தன வருசம் வரும்? கரெக்டா தெரிஞ்சா சொல்லுங்க, அடுத்த தெருவையும் சேத்து நாப்பது பேரா பெரிய சீட்டா போட்டுருவோம்." எனக்குத் தெரியாது என்றேன். "சர்வே எடுக்க வந்துட்டு இது தெரியாதா?" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.